தலைக்கட்டு இல்லாதவள் பங்குப் பேரவைக்குப் போனபோது

பக்கத்துப் பங்கிலிருந்து, அதாவது பக்கத்துக் கத்தோலிக்கக் கோயிலைச் சேர்ந்த ஊரிலிருந்து, ஒரு தங்கை போன் செய்தாள். "அக்கா, என்னை இளையோர் பிரதிநிதியாப் பேரவையில போட்டிருக்காங்க. அங்க என்ன பேசணும், எப்படிப் பேசணும்?" என்று கேட்டாள். பேரவை என்றால் பங்குத்தந்தையோடு உட்கார்ந்து கோயில் காரியங்களைப் பேசும் பங்கு மக்கள் குழு. அவள் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்டதும் எனக்கு அடிவயிறு கலங்கியது. எனக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. முடியும்போது கையிலிருந்து 17,000 ரூபாய் போயிருந்தது, எழுத வேண்டிய ஒரு தேர்வு போயிருந்தது, அப்பா சில மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை. யாராவது ஒருவர் முன்னாலேயே உட்கார வைத்துச் சொல்லியிருந்தால் இதில் பாதி நடந்திருக்காது. அதனால்தான் அவளிடம் போனில் சொன்னதை எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

எங்கள் ஊர் செட்டிநாட்டுப் பக்கம், காரைக்குடிக்குப் பஸ்ஸில் போய்வரும் தூரம். பங்கின் பெயர் வேண்டாம். கொத்து வேலை, ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறை, சிங்கப்பூர், துபாய், இவற்றில்தான் எங்கள் தெருவில் பாதி வீடுகளின் பிழைப்பு. இந்த வட்டாரத்தில் ஒரு ஆளைக் கணக்கில் எடுப்பதே கல்யாணத்துக்குப் பிறகுதான். நகரத்தார் தங்கள் கோயில் கணக்கில் கல்யாணமானவரை ஒரு புள்ளி என்று எழுதுவார்கள். எங்கள் பங்கில் தலைக்கட்டு. கல்யாணமான ஆண் ஒரு தலைக்கட்டு. அவர் திருவிழா வரி கொடுப்பார், வரி கொடுப்பவர் கூட்டத்தில் பேசுவார். முப்பதாயிரம் சம்பளம் வாங்கும் பையனாக இருந்தாலும் தாலி கட்டும்வரை அவன் சுவரோரம் நிற்க வேண்டியவன்தான். பெண் எந்த வயதிலும் தலைக்கட்டு ஆவதில்லை. புருஷன் இறந்தால் மட்டும் அரை வரி கட்டும் வீடு என்று நோட்டில் ஏறுவாள், அதுவும் பேசும் உரிமை இல்லாமல்.

இதே ஊரில் ஆகஸ்ட் 15 அன்று கிராம சபை நடக்கிறது. வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் 18 வயதுப் பெண்கூட எழுந்து வரவுசெலவு கேட்கலாம். வாக்களிக்கும் வயதை 21-இலிருந்து 18-ஆகக் குறைத்தது 1989-இலேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. 21 வயதில் ஊராட்சித் தேர்தலில் நிற்கவும் முடியும், தமிழ்நாட்டு உள்ளாட்சியில் பாதி இடங்கள் பெண்களுக்கு. நாடு எனக்குக் கொடுத்த நாற்காலியை ஞானஸ்நானம் வாங்கிய கோயிலில் காணோமே என்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே உறுத்தல்.

திருச்சபையில் எல்லாரும் சேர்ந்து நடப்பது எப்படி என்று பேசும் கூட்டொருங்கியக்க ஆயர் மாமன்றத்தை 2021 அக்டோபரில் திருத்தந்தை பிரான்சிஸ் தொடங்கி வைத்தார். அதன் முதல் கட்டமே மறைமாவட்டங்களில் மக்களிடம் கேட்பதுதான். பக்கத்துப் பக்கத்து வீடுகள் கூடி ஜெபிக்கும் எங்கள் அன்பியத்திலும் உட்கார்ந்து பேசினோம். நம் பங்கில் யாருடைய பேச்சு காதில் விழுவதில்லை என்ற கேள்வி வந்தபோது ஒரு அத்தை, "கல்யாணமாகாத புள்ளைங்க பேச்சு" என்றார். அடுத்த பேரவை அமைத்தபோது என் பெயரைச் சேர்த்தார்கள். எனக்கு அப்போது 23 வயது. காரைக்குடியில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலை, கூடவே காஸ்ட் அக்கவுண்டன்ட் இன்டர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன்.

முதல் சில கூட்டங்களில் என் வேலை வருகைப் பதிவை எழுதுவது, டீ கொடுப்பது. அதில் எனக்கு வருத்தம் இல்லை, வயதில் சின்னவள் செய்வதுதானே. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். கூட்டம் தொடங்கும்போதே எல்லாம் முடிவாகி இருந்தது. திருவிழாவுக்கு எந்த ரேடியோ செட், எத்தனை சீரியல் லைட், யார் சப்பரம் ஜோடிப்பது என்பதையெல்லாம் முந்தின இரவே யாரோ ஒருவர் வீட்டுத் திண்ணையில் பேசி முடித்திருப்பார்கள். கூட்டத்தில் நடப்பது அதற்குத் தலையாட்டல். புதிதாகப் போகிறவர்கள் முதலில் இதைக் கண்டுபிடியுங்கள்: உங்கள் பங்கில் முடிவு எந்த இடத்தில், எந்த நாளில் எடுக்கப்படுகிறது? அங்கே உங்களால் போக முடியாது என்றால், அங்கே போகிற ஒருவரிடமாவது உங்கள் பேச்சு முன்னதாகப் போய்ச் சேர வேண்டும். கூட்டத்தில் திடீரென்று எழுந்து புதிதாக ஒன்றைச் சொன்னால், அது எவ்வளவு நியாயமாக இருந்தாலும் பெரியவர்களுக்குச் சபையில் அவமானமாகத்தான் படும். அங்கே இருப்பவர்கள் எல்லாரும் மாமா, பெரியப்பா, சித்தப்பா. அவர்கள் கருத்தை மறுப்பதும் உறவை மறுப்பதும் அவர்களுக்கு வேறு வேறு இல்லை.

நவம்பர் கூட்டத்தில் ஜனவரித் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி 2,500 என்று அறிவித்தார்கள். முந்தைய ஆண்டைவிட 500 கூடுதல், வாணவேடிக்கைக்காக. புருஷன் இல்லாத வீடுகளுக்கு 1,250. அந்த மாதம் அடைமழை. மறைக்கல்வி வகுப்பறையின் மேல்தளம் ஒழுகி, பிள்ளைகளைக் கோயில் வராந்தாவில் உட்கார வைத்துத்தான் வகுப்பு எடுத்தோம். காரை பெயர்ந்து கம்பி தெரிந்தது. நான் எழுந்து, "வாணவேடிக்கையைக் குறைச்சு அந்த மேல்தளத்தைச் சரி பண்ணலாமே, புருஷன் இல்லாத அத்தைமாருக்கு வரியை எடுத்துடலாமே" என்றேன். ஒருவரும் கோபப்படவில்லை. ஒரு பெரியவர் சிரித்தபடியே, "பாப்பா, ரெகபெயாம் கதை தெரியுமா? பெரியவங்க பேச்சைத் தள்ளிட்டு இளவட்டங்க பேச்சைக் கேட்டான், ராஜ்யமே ரெண்டாப் போச்சு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், நான் உட்கார்ந்துவிட்டேன். முகம் எரிந்தது.

வீட்டுக்கு வந்து விவிலியத்தை எடுத்து அரசர்கள் முதல் நூல் 12-ஆம் அதிகாரத்தைப் படித்தேன். அந்தக் கதையில் மக்கள் ரெகபெயாமிடம் வந்து கேட்பதே "எங்கள் சுமையைக் குறை" என்றுதான். குறைத்துவிடு, அவர்களிடம் கனிவாகப் பேசு என்று சொன்னவர்கள் பெரியவர்கள். சுமையைக் கூட்டு என்றவர்கள்தான் அரசனோடு வளர்ந்த இளைஞர்கள். அன்றைக்கு எங்கள் கூட்டத்தில் சுமையைக் குறைக்கச் சொன்னவள் நான், கூட்டியவர்கள் பெரியவர்கள். வயதை வைத்து அந்தக் கதையை யார் மேலும் எறிய முடியாது, சுமை யார் தோளில் ஏறுகிறது என்று பார்த்துத்தான் படிக்க வேண்டும். இதை அடுத்த கூட்டத்தில் சொல்லவில்லை. ஞாயிறு பூசை முடிந்ததும் அந்தப் பெரியவரிடமே தனியாகப் போய், "மாமா, நீங்க சொன்ன கதையைப் படிச்சேன், எனக்கு ஒரு சந்தேகம்" என்று ஆரம்பித்தேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "வகுப்பறை விஷயத்தை நான் ஃபாதர்கிட்ட பேசுறேம்மா" என்றார். சபையில் ஒரு பெரியவரை மடக்குவதைவிட வாசலில் அவரோடு சேர்ந்து படிப்பது நல்லது. இதில் மட்டும் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை.

அவர் பேசினார், வேலை நகர்ந்தது. மேஸ்திரி போட்ட எஸ்டிமேட் 70,000. பாதியை இளையோர் திரட்டுவது, பாதியைப் பங்கு தருவது என்று கூட்டத்தில் வாய்ச்சொல்லாகப் பேசினோம், ஃபாதரும் சரி என்றார். சிங்கப்பூரில் இருக்கும் எங்கள் ஊர்ப் பையன்கள் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரே வாரத்தில் பெரும்பகுதியை அனுப்பினார்கள். மீதியை உள்ளூரில் வசூலித்து 35,000 சேர்த்துவிட்டோம். பங்கின் பாதி மட்டும் வரவில்லை. "ஈஸ்டர் முடியட்டும்" என்றார் பொருளாளர். மேஸ்திரியோ வேறு சைட்டுக்குப் போய்விடுவேன் என்று நின்றார். "நீ போட்டு வை, ஈஸ்டர் கழிச்சு எடுத்துக்கலாம்" என்று பொருளாளர் சொன்னதால் என் சீட்டுப் பணம் 35,000-ஐக் கொடுத்தேன். கூலிக்கு ரசீது எழுதி மேஸ்திரியிடம் கையெழுத்து வாங்கட்டுமா என்று கேட்டபோது, "கோயில் வேலைக்கு என்னம்மா சீட்டு?" என்றார்கள்.

மே மாதம் ஃபாதருக்கு மாற்றல் வந்தது. அவர் நல்லவர், கிளம்பும் அவசரத்தில் இருந்தார். ஜூனில் புதிய ஃபாதர் வந்து, பணத்துக்கான தீர்மானம் எங்கே என்று கேட்டார். தீர்மானப் புத்தகத்தில் அந்தக் கூட்டத்தின் பக்கத்தில் சப்பரம் பற்றி இருந்தது, நவநாள் பற்றி இருந்தது, வகுப்பறை பற்றி ஒரு வரி இல்லை. பொருளாளர், "பேசினோம், ஆனா முடிவு பண்ணல" என்றார். சிமெண்ட், கம்பி, தட்டோடு வாங்கிய பில்கள் கோயில் பெயரில் இருந்ததால் புதிய ஃபாதர் அந்த 18,000-ஐ மட்டும் கொடுத்தார். கூலியாகக் கொடுத்த 17,000-க்குத் தாள் இல்லை. அவர் மேல் எனக்கு வருத்தம் கிடையாது, தாள் இல்லாமல் கொடுத்தால் நாளைக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

பணத்தைவிடப் பேச்சுத்தான் கொன்றது. என் அப்பா கொத்தனார். பெயர் வரக் கூடாதென்றே அவர் அந்த வேலைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அப்படியும் "அப்பனுக்கு வேலை வாங்கிக் கொடுத்துட்டு இப்ப காசும் கேக்குறா" என்று ஊரில் பேச்சு கிளம்பியது. அப்பா பூசைக்கு வந்து பின்வாசலோரம் நிற்க ஆரம்பித்தார். ஒரு நாள் ராத்திரி, "நாளைக்கு நம்ம வீட்டுல ஒரு நல்லது கெட்டதுன்னா இவங்கதானம்மா வந்து நிக்கணும்" என்று மட்டும் சொன்னார். அந்த ஜூனில் நான் தேர்வு எழுதவில்லை, புத்தகத்தைத் திறந்தால் எழுத்து ஓடவில்லை. அடுத்த தேர்வு டிசம்பரில்தான். அரை ஆண்டு போனது.

இளையோர் பிரதிநிதிகளுக்கு இங்கே சில விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். கூட்டம் முடிந்து எழுவதற்கு முன்னால், பணம் சம்பந்தப்பட்ட ஒவ்வொரு முடிவும் தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று பாருங்கள். எவ்வளவு, எந்தக் கணக்கிலிருந்து, யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள் என்று நான்கும் இருக்க வேண்டும். ஃபாதரும் செயலரும் கையெழுத்துப் போட்டதும் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். படம் எடுக்கக் கூச்சமாக இருந்தால், "இளையோர் குரூப்பில் சொல்லணும், அதுக்காக" என்று சொல்லுங்கள், அது உண்மையும்தான். உங்கள் சொந்தப் பணத்தை, ஒரு வாரத்துக்கு என்றாலும், கோயில் வேலையில் போடாதீர்கள். காணிக்கையாகக் கொடுப்பது வேறு, கடனாகப் போடுவது வேறு. கூலிக்குச் சீட்டு எழுதிக் கையெழுத்து வாங்குங்கள், யார் என்ன சொன்னாலும். ஏப்ரல் வந்துவிட்டால், ஃபாதருக்கு மாற்றல் வரும் என்ற பேச்சு இருந்தாலும் இல்லாவிட்டாலும், நிலுவையில் இருக்கும் வேலைகளையும் பாக்கிகளையும் ஒரு தாளில் எழுதி அவர் கையெழுத்தோடு கோப்பில் வைக்கச் சொல்லுங்கள். வாய்ச்சொல் மாற்றலோடு போய்விடும்.

திருச்சபைச் சட்டத்தையும் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். 1983-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பில் 536-ஆம் பிரிவு பங்குப் பேரவை பற்றியது. அதன்படி பேரவைக்கு ஆலோசனை வாக்கு மட்டுமே, இறுதி முடிவு பங்குத்தந்தையுடையது. எனக்கு இது தெரிந்தபோது, அப்படியென்றால் எதற்குப் போக வேண்டும் என்று மனம் விட்டுப்போனது. ஆனால் அடுத்த 537-ஆம் பிரிவு ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருந்தே ஆக வேண்டும் என்கிறது. மக்கள் கொடுத்த காணிக்கைக்கு மக்களிடம் கணக்குச் சொல்ல வேண்டும் என்று 1287 சொல்கிறது. தங்கள் கருத்தை ஆயர்களிடமும் குருக்களிடமும் தெரிவிப்பது மக்களின் உரிமை, சில வேளைகளில் கடமையும்கூட என்று 212 சொல்கிறது. ஆக, முடிவு எடுக்கும் அதிகாரம் உங்களிடம் இல்லாவிட்டாலும் கணக்குக் கேட்கும் உரிமை இருக்கிறது. இதைக் கூட்டத்தில் எண் சொல்லி வாசிப்பதைவிட, ஃபாதரிடம் முன்னதாகக் கொடுத்துப் பேசுவது நல்லது. நான் கொடுத்தபோது புதிய ஃபாதர், புனித ஆசீர்வாதப்பர் துறவிகளுக்கு எழுதிய ஒழுங்கை எடுத்துச் சொன்னார். ஆறாம் நூற்றாண்டிலேயே அவர், முக்கியமான விஷயம் என்றால் மடத்திலுள்ள எல்லாரையும் கூப்பிட்டுக் கேளுங்கள், எது நல்லது என்பதை ஆண்டவர் பல நேரம் இளையவருக்குத்தான் வெளிப்படுத்துகிறார் என்று எழுதி வைத்திருக்கிறார். மடாதிபதிதான் முடிவெடுப்பார், ஆனால் கேட்காமல் எடுக்கக் கூடாது.

என்னைத் தூக்கி நிறுத்தியவர், மறைக்கல்வி சொல்லிக் கொடுத்த எங்கள் பங்கின் பழைய உபதேசியார். எண்பதை நெருங்கும் வயது. பேச்சு அடிபட்ட நாட்களில் ஒரு சாயங்காலம் வீட்டுக்கு வந்து, அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு சொன்னார். "அந்த வகுப்பறைக்கு மணல் சுமந்தது நாங்கதான்ப்பா. அப்ப எனக்கு உன் மக வயசு. ஆயர்கள் கூடின வத்திக்கான் சங்கம் முடிஞ்சு, லத்தீன் போய்த் தமிழ்ல பூசை வந்த காலம். மக்களைக் கூப்பிட்டுப் பேசணும்னு பங்குச் சாமியார் சொன்னப்ப, இந்தப் பொடிப்பசங்களை எதுக்கு உள்ள விடுறீங்கன்னு கேட்டாங்க. அப்படிக் கேட்டவர் மகன்தான் இன்னைக்கு உன் மககிட்ட ரெகபெயாம் கதை சொன்னான்." அப்பா தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். அடுத்த ஞாயிறு முன்னால் போய் நின்றார். இளையோர் பெரியவர்களுக்கு எதிரணி என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, எங்களுக்கு முன்னால் இளையோராக இருந்தவர்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. உங்கள் பங்கிலும் அப்படி ஒருவர் இருப்பார். பேரவைக்குப் போன முதல் வாரத்திலேயே அவர் வீட்டுக்குப் போய் ஒரு மணி நேரம் உட்காருங்கள், பங்கின் கதையைக் கேளுங்கள்.

அவர் சொல்லித்தான் வீடு வீடாகப் போனோம், நானும் இன்னொரு பையனும். ஒருவராகப் போகாதீர்கள், பேரவையிலும் ஒரு பெண்ணும் ஒரு பையனுமாக இருவர் வேண்டும் என்று கேளுங்கள். ஒருவர் பேசும்போது இன்னொருவர் முகங்களைப் பார்க்கலாம், அவதூறு வந்தால் சாட்சிக்கும் ஆள் இருக்கும். அரை வரி கட்டும் அப்பத்தா ஒருவர் எங்களிடம், "வரி கட்ட முடியாமப் போன வருஷம் நான் சப்பரத்துப் பின்னாடி நடக்கல தம்பி, கடன்காரி மாதிரி இருந்துச்சு" என்றார். அவர் அதை யாரிடமும் சொன்னதில்லை, யாரும் கேட்டதில்லை. திருத்தூதர் பணிகள் 6-ஆம் அதிகாரத்தில் கைம்பெண்கள் கவனிக்கப்படவில்லை என்ற முறையீட்டிலிருந்துதான் சபை கூடி ஏழு பேரைத் தேர்ந்தெடுக்கிறது. உபதேசியார் தாத்தா அடுத்த கூட்டத்தில் இந்தப் பகுதியை வாசித்துவிட்டு, அந்த அப்பத்தா சொன்னதைப் பெயர் சொல்லாமல் சொன்னார். நான் வாயே திறக்கவில்லை.

வாக்கெடுப்பைக் கை தூக்கி நடத்த வேண்டாம், சீட்டில் எழுதிப் போடலாம் என்று முன்னதாகவே கேட்டிருந்தோம், ஃபாதர் ஒத்துக்கொண்டார். மாமாவுக்கு முன்னால் கை தூக்க முடியாதவர்கள் சீட்டில் எழுதுகிறார்கள், இதைக் கண்ணால் பார்த்தேன். புருஷன் இல்லாத வீடுகளுக்கு வரி கட்டாயமில்லை, விருப்பக் காணிக்கை என்று அந்த ஆண்டுக்கு மட்டும் முடிவானது. திருவிழா முடிந்த ஞாயிறு பூசைக்குப் பிறகு வரவுசெலவை வாசித்து, கோயில் வாசல் பலகையில் ஒட்டினார்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை. கல்யாணமாகாத, சம்பாதிக்கும் பிள்ளைகள் ஆளுக்கு 300 கொடுத்தால் அவர்கள் பெயரையும் நோட்டில் ஏற்றி, பங்கு மக்கள் கூட்டத்தில் பேச விடலாம் என்று ஒரு ஏற்பாடு வந்தது. வெளிநாட்டுப் பையன்கள் சந்தோஷமாகச் சம்மதித்தார்கள், ஒன்றுமே இல்லாததற்கு இது மேல் என்றார்கள். காசு கொடுத்தவர் பேசலாம் என்ற அதே கணக்கைத்தானே நாமும் ஒத்துக்கொள்கிறோம்? கல்லூரியில் படிக்கும் பிள்ளை, வேலை கிடைக்காத பிள்ளை எந்த நோட்டில் ஏறும்? 2024 அக்டோபரில் வந்த ஆயர் மாமன்ற இறுதி ஆவணம், பங்குப் பேரவை மாதிரி அமைப்புகளை எல்லா நிலையிலும் கட்டாயமாக்கக் கேட்கிறது, பெண்களும் இளையோரும் ஏழைகளும் அதிகமாக இடம்பெற வேண்டும் என்றும் சொல்கிறது. ஏழைகள் என்ற அந்தச் சொல்லை நான் பென்சிலால் அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன்.

இப்போது என் காலம் முடிந்து, பேரவையில் இளையோர் இருவர் இருக்கிறார்கள். தீர்மானப் புத்தகத்தின் படங்கள் எல்லாவற்றையும் அவர்களுக்கு அனுப்பிவிட்டேன். என் 17,000 பற்றி மறுபடி தீர்மானம் வைக்கலாமா என்று கேட்டார்கள். வையுங்கள், ஆனால் வரி விலக்கு ஒரு வருஷத்தோடு முடிகிறது, அதை நிரந்தரமாக்கும் தீர்மானத்தை முதலில் வையுங்கள் என்றேன். நவம்பர் கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்னதாகவே அதை எழுத்தில் ஃபாதரிடம் கொடுத்துவிடச் சொல்லியிருக்கிறேன்.